ஈயம் குழுவின் பதினோரு மாதங்கள்

பினாங்கில் மெட்டல் இசை என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிற தொழில்; மற்ற ஆறு நாளும் நாங்கள் வேறு ஏதாவது செய்து பிழைத்துக்கொண்டிருப்போம். உங்களில் யாராவது இப்படி ஒரு குழுவில் இருந்து, காதுக்குள் இரைச்சல் அடங்காமலேயே திங்கட்கிழமை வேலைக்குப் போனவராக இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மீதிப் பாதி உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

என் பெயர் சாந்தி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, குறை உள்ளதை எடுத்து ஒதுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிட்டார். 'ஈயம்' என்று ஒரு குழு இருந்தது. அதில் வாசித்த பதினோரு மாதங்களைப் பற்றித்தான் இது.

எண்பது பேருக்குத் தெரிந்தவர்கள்

எங்களைச் சேர்த்தவன் விக்கி. கெலுகோரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான், கிட்டார் வாசிப்பான். ஏற்கெனவே பெயரெடுத்த குழுக்களிலிருந்து குழுவுக்கு ஒருவராக எடுத்து ஒரு சூப்பர் குரூப் தொடங்கலாம் என்றான். பெயரெடுத்த குழு என்றால், தீவில் எங்களைத் தெரிந்தவர்கள் மொத்தம் எண்பது பேர் இருப்பார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள். பாடுவதற்கு தேவா வந்தார். வாரம் முழுக்க பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவர். டிரம்ஸுக்கு பஷீர் அண்ணன். டத்தோ கிராமாட்டில் நாசி கண்டார் என்கிற சோறு கறிக் கடை வைத்திருந்தார். இருபது வருஷமாக இந்தத் தீவிலேயே வேகமாக அடிக்கிறவர் என்று அவருக்குப் பெயர். கணினியில் போட்டு அளந்தாலும் அவர் அடி இம்மி பிசகாது என்பார்கள்.

முதல் கூட்டம் அவர் கடையிலேயே நடந்தது, மதியக் கூட்டம் கலைந்த பிறகு. விக்கி தன் திட்டத்தைச் சொன்னான். பல்லவி கிடையாது. ஒரு தாளம் இரண்டு தடவை வராது. ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுவில் என் தொழிற்சாலையின் மெஷின் சத்தம் வரும். தேவாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஷீர் அண்ணன் மேசையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பாட்டு மாதிரி இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? சரி, வரேன். ஆனா ஞாயித்துக்கெழமை மீன் தலை கறி முடியற வரைக்கும் யாரும் எனக்கு போன் பண்ணக் கூடாது லா."

அண்டா

பெயர் தேவா வைத்தது. மெட்டல் என்று எல்லாரும் இரும்பு, எஃகு என்று வைக்கிறார்கள், இந்த நாட்டு உலோகம் ஈயம்தானே என்றார். எங்களுக்கும் பிடித்துப்போனது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தில் 'ஈயம்' என்று மட்டும் போட்டு, கீழே என் தொலைபேசி எண்ணை அச்சடித்து, நாலைந்து கடைகளில் ஒட்டினோம்.

முதல் அழைப்பு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு அம்மா. வீட்டில் இரண்டு பித்தளை அண்டா இருக்கிறது, எப்போது வந்து பூசுவீர்கள் என்று கேட்டார். இது இசைக்குழு அம்மா, பாத்திர வேலை இல்லை என்று நான் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப பூசத் தெரிஞ்ச ஆளு உங்க குழுவுல ஒருத்தர்கூட இல்லையா?"

கீழே பல் மருத்துவம்

ஆயர் ஈத்தாமில் ஒரு கடை வீட்டின் மேல்தளத்தில் ஒத்திகை இடம் கிடைத்தது. கீழே பல் மருத்துவ கிளினிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது மூடியிருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூடவில்லை. வார நாளில் வர முடியாத தொழிற்சாலை ஆட்களுக்காக அந்த டாக்டரம்மா ஞாயிறு மாலை வரை திறந்து வைத்திருந்தார்.

மூன்றாவது வாரம் அவரே படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்கும் முகமூடி. விக்கி அப்போது என் தொழிற்சாலை மெஷின் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓட விட்டிருந்தான். தேவா அதன் மேல் உறுமிக்கொண்டிருந்தார். நாங்கள் நிறுத்தினோம். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார்.

"மேல பாட்டு நடக்குதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. அங்கயும் பல்லுதான் புடுங்கறோம்னு நெனச்சு ரெண்டு பேரு எழுந்து போயிட்டாங்க."

தானாக வந்தது

நாலாவது மாதம். பேஸ் வாசிக்கிறவர்கள் டிரம்ஸ் அடிப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காதால் கேட்பதற்கு முன் கை விழப்போவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த ஞாயிறு பஷீர் அண்ணனின் இடது கை எப்போதும் போல விழுந்தது. வலது கை ஒரு மூச்சு தாமதமாக வந்தது. எல்லா அடியிலும் இல்லை. பத்தில் மூன்று, சில சமயம் நாலு. அடுத்தது எது தாமதிக்கும் என்று சொல்ல முடியவில்லை.

பாட்டே மாறிவிட்டது. அதுவரை விக்கியின் திட்டம் வெறும் கணக்காக இருந்தது. இப்போது அதற்குள் ஏதோ உயிருள்ள ஒன்று கால் இழுத்து நடப்பது போல இருந்தது. நானும் என் விரலை அந்தத் தாமதத்துக்கு ஏற்ப நிறுத்தி வைக்கப் பழகினேன். தேவா உறுமுவதை விட்டுவிட்டு முதல் முறையாக மெதுவாகப் பாடினார். முடிந்ததும் விக்கி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, இதை எங்கே பிடித்தீர்கள் அண்ணே, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றான். பஷீர் அண்ணன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் புடிக்கலப்பா. தானா வருது."

முதல் கச்சேரி

நகரத்தில் ஒரு பழைய கடை வீட்டின் மாடியில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. எழுபது பேர் வந்தார்கள், மின்விசிறிகள் இரண்டு. எங்களுக்கு முன் வாசித்த குழு கூட்டத்தைக் குதிக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷத்தில் குதிப்பவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். குதிப்பதற்கு அடி எங்கே விழும் என்று தெரிய வேண்டும் அல்லவா. நின்றவர்கள் யாரும் வெளியே போகவில்லை. கடைசி பத்து நிமிஷம் எழுபது பேரும் அசையாமல் கேட்டார்கள். அந்த அமைதியை நான் அதற்கு முன் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

முடிந்ததும் ஒரு மலாய்க்காரர், அவரும் டிரம்ஸ் அடிப்பவர்தான், பஷீர் அண்ணனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாமதம் வேண்டுமென்றே செய்ததுதானே, எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். பஷீர் அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். விக்கி முந்திக்கொண்டான்.

"பின்ன? ஆறு மாசம் உக்காந்து யோசிச்சது லா அது."

தாராளம்

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் கடைக்குச் சாப்பிடப் போனேன். அவரே பரிமாறிக்கொண்டிருந்தார். சோற்றின் மேல் குழம்பை ஊற்றும்போது கரண்டியைத் திருப்ப அவருக்கு நேரம் பிடித்தது. குழம்பு தட்டின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது. அடுத்த தட்டிலும் அப்படியே. பினாங்கில் சோறு குழம்பில் மிதந்தால்தான் நல்ல கடை என்பார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

கல்லாவில் அவர் மனைவி மைமூன் அக்கா இருந்தார். கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கிட்டே கூப்பிட்டு, அங்கே வாசிக்கும்போதும் இப்படித்தானா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அடுத்த மாதம் எங்கள் தொழிற்சாலை விருந்தில் வாசிக்க ஒத்துக்கொண்டிருந்தோம். அதற்கு அடுத்த மாதம் ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவு. நான் சொன்னேன்: "அங்க நல்லா வாசிக்கிறாரு அக்கா." அது பொய் இல்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாரத்துக்கு ஐந்து நாள் குறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் பக்கத்தில் நின்ற பெரியவர் மேசையில் வழிந்த குழம்பைத் தட்டோரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார்:

"பாய்க்கு இப்பத்தான் கை தாராளமாச்சு. முன்னாடி எல்லாம் அளந்து ஊத்துவாரு."

விருந்து

என் தொழிற்சாலையின் ஆண்டு விருந்து மதிய வேளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. நான் வாசிப்பேன் என்று தெரிந்து மேலாளர் ஆசையாகக் கேட்டார். என்ன வாசிப்பேன் என்று கேட்கவில்லை. சூப் பரிமாறும்போது தேவா உறுமினார். நாலு மேசை தள்ளி ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

எட்டாவது நிமிஷத்தில் பஷீர் அண்ணனின் வலது கையிலிருந்து ஸ்டிக் நழுவி விழுந்தது. அவர் இடது கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. ஒரு கையால் பேஸை விடாமல் ஒலிக்கவிட்டு, இன்னொரு கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டிக்கின் மேல் மடக்கிவிட்டேன். கட்டை விரல் குளிர்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போனேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். இரண்டாவது தடவை விழுந்தபோதும் தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் தேவாவிடம் போய் என்ன செய்யலாம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மனிதவள அதிகாரி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்டைக்குக் கொஞ்சம் சுக்குத் தண்ணி குடிங்க தம்பி. இப்படியே விட்டா பேச்சே போயிரும்."

ஒரே பதிவு

பதிவுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருந்தோம். பஷீர் அண்ணன் கடையை மூடிவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். அப்படி அவர் கடையை மூடி நான் பார்த்ததில்லை. பத்தொன்பது நிமிஷப் பாட்டு. ஒரே மூச்சில் வாசித்தோம். நடுவில் ஓரிடத்தில் அவர் வலது கை முழுதாக நின்றுபோய், இடது கை தனியாக, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே போனது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வலது கை திரும்பி வந்தது.

பதிவு செய்பவர் சீனர். முப்பது வருஷம் இந்த வேலையில் இருப்பவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். விக்கி, பாதுகாப்புக்கு இன்னொரு தடவை வாசித்துவிடலாமா என்று கேட்டான். அவர் பஷீர் அண்ணனைப் பார்த்துவிட்டு, மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வேண்டாம். இவர் இன்னொரு தடவை இதை வாசிக்க மாட்டார்."

படியேறி வந்தவர்

பத்தாவது மாதம், ஒத்திகையின்போது, பஷீர் அண்ணன் ஆசனத்திலிருந்து வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். டிரம்ஸின் பித்தளைச் சிம்பல்கள் அவர் மேல் விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்களில் யாருக்கும் உடனே கை கால் ஓடவில்லை. கீழே இருந்து டாக்டரம்மா ஓடி வந்தார். எத்தனையோ ஞாயிறு எங்கள் இரைச்சலைச் சகித்துக்கொண்டவருக்கு, இது வேறு சத்தம் என்று கேட்டவுடனே தெரிந்திருக்கிறது.

அவர் தரையில் மண்டியிட்டு, சிரியுங்கள் என்றார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்குங்கள் என்றார். ஒன்றுதான் எழுந்தது. ஆம்புலன்ஸுக்கு அவரே பேசினார். பிறகு எங்களைப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். விக்கி தரையைப் பார்த்தான். தேவா என்னைப் பார்த்தார். ஆறு மாதம் என்று நான்தான் சொன்னேன்.

"ஆறு மாசமா பக்கத்துலயே இருந்தீங்க. ஒருத்தருக்குமா தோணல?"

மெஷின்

மூளையில் இடது பக்கம் கட்டி. அறுவை சிகிச்சை செய்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. மைமூன் அக்கா கேட்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு விழாவுக்கு அழைப்பு வந்தது. பதிவைக் கேட்டிருக்கிறார்கள். விக்கி ஒரு வாரம் கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, பஷீர் அண்ணனின் ஒவ்வொரு அடியையும் பதிவிலிருந்து வெட்டி எடுத்து, தாமதங்களை அளந்து, கணினியில் ஒரு டிரம்ஸ் செய்தான். அவரை மேடையில் வைத்திருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கெட்ட எண்ணம் இல்லை. மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினோம். தலையில் போட்ட தையல் வெளியே தெரியாதபடி குல்லாவோடு, கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு நிமிஷம் கழித்து இடது கையால் நிறுத்தச் சொன்னார். அவருக்கு வார்த்தைகள் வர நேரமாகும். காத்திருந்தோம்.

"ரொம்ப சரியா லேட்டா வருது விக்கி. என் கை ஒரு நாளும் இவ்வளவு சரியா லேட்டானதில்ல."

விரல்

விக்கி அன்றைக்கே கோலாலம்பூருக்கு வர முடியாது என்று எழுதிவிட்டான். குழுவைக் கலைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு யாரும் ஆயர் ஈத்தாமுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். தேவா பேருந்துக்கு இன்னொரு பள்ளியைச் சேர்த்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகல் நான் மட்டும் டத்தோ கிராமாட் போனேன். கடையை மைமூன் அக்கா நடத்திக்கொண்டிருந்தார். பஷீர் அண்ணன் உள்ளே, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலிலிருந்தே தெரியும் அண்ணே, நான் சொல்லவில்லை என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாசகங்கள் எதுவும் வாயில் வரவில்லை. இந்த இரண்டு வரிதான் வந்தது. அவர் என்னை உட்காரச் சொன்னார். மேசையிலிருந்த தேநீரை இடது கையால் என் பக்கம் நகர்த்தினார்.

"நீ என் வெரல மடக்கி விட்டப்பவே உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் சாந்தி. நீ வெளிய சொல்லிருவியோன்னு நான்தான் பயந்துக்கிட்டிருந்தேன். வேகமா அடிக்கிறான்னு இருவது வருசம் சொன்னாங்க. நல்லா அடிக்கிறான்னு அந்த ஆறு மாசந்தான் சொன்னாங்க."

பத்தொன்பது நிமிஷம்

ஏழு மாதம் கழித்து அவர் இறந்தார். கணவரை இழந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் என்பதால் மைமூன் அக்கா வெளியே வருவதில்லை. என்னைத்தான் வரச் சொல்லி அனுப்பினார். அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றார். கணவர் வாசித்து அவர் கேட்டதே இல்லை. அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, அண்ணனும் வற்புறுத்தியதில்லை.

பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். முக்காட்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்து, பத்தொன்பது நிமிஷமும் அசையாமல் கேட்டார். கழற்றிவிட்டு, "இதுல எது நோவு, எது அவரு?" என்று கேட்டார். கடையில் அன்றைக்கு நான் சொன்ன பதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு. இது அண்ணன், இது நோய் என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தேன். ஆறு நிமிஷத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. இடது கை தனியாகத் தட்டும் அந்த இடத்தில் நான் விரலை எடுத்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை அக்கா என்றேன். அவர் ஹெட்போனை மறுபடி முழுதாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தெரியலன்னா விடு. நான் முழுசாவே வச்சிக்கிறேன்."

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார்கள், ஆனால் எவராவது புதிதாக ஒன்றை அடித்தால் கை தட்டுவதற்கு முன் டாக்டரிடம் காட்டினீர்களா என்று நான் கேட்டுவிடுவதால், இரண்டாவது தடவை யாரும் கூப்பிடுவதில்லை.